பிரிந்த பிறகும் அப்பா அம்மாதான்: குழந்தைப் பொறுப்பை எழுதி வைத்துப் பகிர்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரமாக அப்பா பைக்கை நிறுத்துகிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறான். நாலடி தள்ளி அம்மா நிற்கிறார். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பைக் கிளம்பியதும் அம்மா கேட்கிறார்: "ஸ்கூல் ஃபீஸ் இன்னும் கட்டலைன்னு அப்பாகிட்ட சொன்னியா?" பையன் சொல்கிறான்: "சொன்னேன்மா. போன மாசம் குடுத்த காசு எங்கேன்னு உன்னைக் கேக்கச் சொன்னாங்க."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் படித்தவுடனே உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் பிள்ளை ஞாபகத்துக்கு வந்திருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடத்தில் எட்டு வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனை அங்கிருந்து எழுப்ப முடியும். அதற்கு அப்பாவும் அம்மாவும் மறுபடி நண்பர்களாக வேண்டியதில்லை. யார், எப்போது, எங்கே, எவ்வளவு என்பதை ஒருமுறை உட்கார்ந்து தெளிவாக எழுதி, நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொண்டால் பாதிச் சண்டைக்கு வேலையே இல்லை.

விவாகரத்து ஆகிவிட்டவர்கள், வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள், வழக்கு எதுவும் போடாமல் தனித்தனியாக வாழ்பவர்கள் என்று மூன்று தரப்புக்கும் இந்தக் கட்டுரை பயன்படும்.

முதலில் சட்டம், சுருக்கமாக

"கஸ்டடி யாருக்கு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குழந்தை யாருடன் வசிக்கப் போகிறது, குழந்தைக்காகக் கையெழுத்துப் போடும் பாதுகாவலர் யார், கூட வசிக்காதவர் எப்போது எப்படிப் பார்ப்பது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், "கஸ்டடி எனக்கு வந்தாச்சு, இனி உனக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை" என்று ஒருவர் பேச ஆரம்பித்துவிடுவார். சட்டத்தில் அப்படி ஒரு நிலை சாதாரணமாகக் கிடையாது.

எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டத்தின் கீழ் மனு செய்யலாம். இந்துக்களுக்கு இதோடு 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் பாதுகாவலர் சட்டமும் உண்டு. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்பது அதில் உள்ள விதி. 'சாதாரணமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அம்மாவுக்குக் கொடுத்த பட்டா கிடையாது. ஐந்து வயது முடிந்த மறுநாளே அப்பாவிடம் போய்விடும் என்றும் அர்த்தமில்லை. எந்த வயதானாலும் நீதிமன்றம் கடைசியில் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான்.

"அம்மா கையெழுத்து செல்லுமா, அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்று இன்றும் சில கவுண்டர்களில் சொல்வார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது இதே பிரச்சினைதான் வந்தது. 1999ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தேவையான சூழ்நிலையில் தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று விளக்கம் கொடுத்துவிட்டது. குழந்தையைக் கவனித்துக்கொள்வது அம்மா, அப்பா எதிலும் கலந்துகொள்வதில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு முக்கியம்.

இன்னொன்று. கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973லேயே இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சூழ்நிலை மாறினால், குழந்தை வளர்ந்தால், உத்தரவையும் மாற்றக் கேட்கலாம். "ஒரு தடவை தோத்துட்டா பிள்ளையை அவ்வளவுதான்" என்ற பயத்தில் மூர்க்கமாக வழக்கு நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் நிதானமாவார்கள்.

ஓரளவு விவரம் தெரிந்த குழந்தை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். அதற்காக முந்தின நாள் ராத்திரி உட்காரவைத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். குழந்தைகளிடம் பேசிப் பழகிய நீதிபதிக்கு ஒப்பிப்பது எது, சொந்தப் பேச்சு எது என்று தெரியும்.

ஒரே வரி போதாது

சமரச ஒப்பந்தங்களில் அடிக்கடி வரும் வாசகம் இது: "குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். தந்தை முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கலாம்." கையெழுத்துப் போடும் நாளில் இது போதும் என்று தோன்றும். எப்படியாவது முடிந்தால் சரி என்ற மனநிலை. ஆறு மாதம் கழித்துத்தான் சிக்கல் தெரியும். முன்கூட்டி என்றால் ஒரு மணி நேரமா, ஒரு வாரமா? பார்ப்பது வீட்டு ஹாலில் உட்கார்ந்தா, வெளியே கூட்டிப் போயா? ராத்திரி தங்கலாமா? அப்பா வரமுடியாத நாளில் தாத்தா பாட்டி வந்தால் அனுப்புவீர்களா?

அதனால் இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒவ்வொரு மாதமும் முதல் மற்றும் மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை குழந்தையைத் தாயின் வீட்டு வாசலில் அழைத்துக்கொள்வார். மறுநாள் ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் கொண்டுவந்து விடுவார். 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் செய்தி அனுப்ப வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் அடுத்த வார சனி, ஞாயிறு அதற்கு ஈடாகும். தந்தை வர இயலாதபோது அவருடைய பெற்றோர் அழைத்துச் செல்லலாம்." படிக்க ரயில் டைம்டேபிள் மாதிரி இருக்கும். இருக்கட்டும். மணியும் இடமும் எழுதியிருந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாகப் பேரம் பேச வேண்டியதில்லை.

லீவு நாட்களைத் தனியாக எழுதுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் யாரிடம் எத்தனை நாள், மே மாதத்தை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் வர வேண்டும். பண்டிகைகளில் பொங்கல் சுலபம். போகியும் பொங்கலும் ஒரு வீட்டில், மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் இன்னொரு வீட்டில் என்று பிரிக்கலாம். தீபாவளி ஒரே நாள். ஒற்றைப்படை வருடம் ஒருவர், இரட்டைப்படை வருடம் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே கணக்கு ஒத்துவரும். இரண்டு ஊர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும், கொடியேறிய பிறகு பேச ஆரம்பித்தால் இரண்டு ஊர் உறவும் சேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலோர் மறந்துவிடும் பகுதி நம் வீட்டு விசேஷங்கள். மொட்டை எந்தக் குலதெய்வக் கோயிலில்? காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதை அப்பா வீட்டார் ஒத்துக்கொள்வார்களா? பெண் குழந்தை பெரியவளானால் விசேஷம் செய்வதா, செய்தால் பத்திரிகையில் யார் பெயர்? இதையெல்லாம் எந்த வக்கீல் நோட்டீஸும் கேட்காது. ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஏற்பாடு இப்படிப்பட்ட ஒரு விசேஷத்தில் உடைந்துபோகும். "இரு வீட்டாருக்கும் குறைந்தது ஒரு மாதம் முன்பு தகவல், இரு வீட்டாருக்கும் அழைப்பு" என்று ஒரு வரி இருந்தால்கூடப் போதும்.

முடிவெடுக்கும் விஷயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குத் தூக்கம், எவ்வளவு நேரம் டிவி என்பதெல்லாம் அன்றைக்குக் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவர் முடிவு. அப்பா வீட்டில் பரோட்டா சாப்பிட்டான் என்பதற்காக வழக்கு வேண்டாம். பள்ளி மாற்றுவது, அறுவை சிகிச்சை, வேறு ஊருக்குக் குடிபோவது, வெளிநாட்டுப் பயணம் ஆகியவை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள்.

வயதும் முக்கியம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரச் சந்திப்பு போதும். ஒரேயடியாக இரண்டு நாள் பிரித்துக் கூட்டிப்போவது அதற்கு ஒத்துவராது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு சனிக்கிழமை முழுக்க ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். எனவே வருடம் ஒருமுறை, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன், இந்த அட்டவணையை இருவரும் பார்த்துத் திருத்திக்கொள்வதாகவும் ஒரு வரி சேருங்கள்.

எழுதியதை முத்திரைத் தாளில் டைப் செய்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. நாளைக்கு ஒருவர் மீறினால் அதை வைத்துக்கொண்டு உத்தரவை நிறைவேற்றித் தரும்படி கேட்க முடியாது. பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போடுகிறீர்கள் என்றால் இந்த அட்டவணை முழுவதையும் மனுவோடு சேர்த்து, தீர்ப்பின் பகுதியாக்கக் கேளுங்கள். வழக்கு நடக்கிறது என்றால் சமரச மையத்தில் பேசி, ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம்.

வாசலில் வந்தால் டீ கொடுக்கணுமா?

2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படியும் ஒரு விஷயம் வந்தது. குழந்தையைப் பார்க்க வரும் கணவரை விருந்தாளி போல நடத்தி, டீ, பலகாரம் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் தனி நீதிபதியின் உத்தரவு ஒன்று இருந்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. டீ கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுக்காவிட்டால் குற்றமில்லை. ஆனால் வாசலில் நடக்கும் அந்த இரண்டு நிமிடத்தைக் குழந்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "மருந்து பையில இருக்கு, ராத்திரி ஒரு வேளை குடுக்கணும்" என்று நேராகச் சொல்ல முடிந்தால் போதும். நேரில் பார்த்தாலே வாக்குவாதம் வரும் என்றால் பள்ளியையே கைமாற்றும் இடமாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பள்ளியிலிருந்து அழைத்துப் போவார், திங்கட்கிழமை காலை நேராகப் பள்ளியில் விடுவார். பெரியவர்கள் சந்திக்கவே தேவையில்லை. இதற்குப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் உத்தரவின் நகலைக் கொடுத்து, யார் யார் குழந்தையை அழைத்துச் செல்லலாம் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாட்ச்மேனுக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் தர்மசங்கடம் இருக்காது.

கையில் இருக்கும் போன்

உடன் வசிக்காத பெற்றோர், குழந்தையோடு தினமும் ஐந்து பத்து நிமிடம் பேசும் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020ல் யஷிதா சாஹு வழக்கில் பேசியிருக்கிறது. தாயும் தந்தையும் வேறு வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருக்கும்போது வீடியோ கால் முக்கியமான வழி என்பது அதன் சாரம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அப்பாக்கள், அம்மாக்கள் இதை உத்தரவில் கேட்டு வாங்கலாம்.

நேரத்தைக் குறித்துவிடுங்கள். ஏழரை மணி என்றால் ஏழரை. அந்த நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டு குழந்தை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்வது, பின்னால் நின்று பதில் எடுத்துக் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஒன்று: ஒரு நாள் பிள்ளை "விளையாடப் போறேன்ப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டால், அம்மா சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். சேர்ந்தே இருக்கும் வீட்டிலும் பிள்ளைகள் அப்படித்தான் ஓடும்.

உங்கள் இருவருக்கும் இடையே வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சாட் போதும். மாமியார், மச்சான், சித்தப்பா எல்லோரையும் சேர்த்துக் குரூப் தொடங்காதீர்கள். "உன் புத்தி தெரிஞ்சதுதானே, பல்வலிகூட உனக்குத் தெரியாது" என்று அனுப்பினால் பதிலுக்குப் பத்து செய்தி வரும். "வெள்ளி மாலை 4 மணிக்குப் பல் டாக்டர். நான் அழைத்துப் போகிறேன். பில்லை அன்றே அனுப்புகிறேன்" என்றால் "சரி" என்ற ஒரு சொல்லோடு முடியும். இந்தச் செய்தி நாளைக்கு நீதிபதி கையில் பிரிண்ட் அவுட்டாகப் போனால் நான் வெட்கப்படுவேனா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு அனுப்புங்கள். இப்படி நிறையப் பிரிண்ட் அவுட் நிஜமாகவே நீதிமன்றத்துக்குப் போகிறது. போனில் உள்ள காலண்டரை இருவரும் பகிர்ந்துகொள்ளும் வசதி இலவசம்தான். யாருடைய சனிக்கிழமை, எப்போது தேர்வு, எப்போது தடுப்பூசி என்று அதில் போட்டுவிட்டால் செய்தி அனுப்புவதே குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பேசவைத்து, "அங்க உன்னை அடிச்சாங்களா, சொல்லு" என்று கேட்டு வீடியோ எடுத்து 'ஆதாரம்' சேர்க்காதீர்கள். நிஜமாகவே சந்தேகம் இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். விசாரிக்கத் தெரிந்தவர்கள் விசாரிப்பார்கள். வழக்கு பற்றிய ஸ்டேட்டஸ், குழந்தை அழும் படம், இவையும் வேண்டாம். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அந்தப் பிள்ளையே போன் வைத்திருக்கும்.

ஓடிபி யாருக்கு வருகிறது?

பிரிவுக்குப் பிறகு சத்தமில்லாமல் வரும் சிக்கல் இதுதான். ஆதார், பள்ளி எமிஸ் பதிவு, வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் ஏதாவது ஒரு கைபேசி எண்ணோடு இணைந்திருக்கும். குழந்தை அம்மாவிடம், ஓடிபி அப்பா போனுக்கு என்றால், கடைசித் தேதி அன்றைக்கு, பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவரிடம் ஆறு இலக்க எண்ணைக் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

எனவே எந்தெந்தப் பதிவில் யாருடைய எண் இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அன்றாடம் குழந்தையைக் கவனிப்பவரின் எண்ணை ஆதார் மையத்திலும் பள்ளியிலும் பதிவு செய்யுங்கள். குழந்தைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது எண்ணையும் சேர்த்து மாற்றிவிடலாம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஸ்கேன் செய்து இரண்டு பேரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் போட்டு வைப்பது பாதுகாப்பு. அசல் சான்றிதழை ஒளித்து வைத்து மிரட்டுவது பழைய காலத்து ஆயுதம், இன்று அதற்குப் பெரிய மதிப்பு இல்லை.

குடும்ப அட்டையையும் கவனியுங்கள். குழந்தையின் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்மார்ட் கார்டில் இருக்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் குடும்ப அட்டையைக் கேட்பார்கள். ஆகவே குழந்தை யாருடன் வசிக்கிறதோ அவருடைய அட்டையில் பெயர் இருப்பது நல்லது. பெயர் நீக்கமும் சேர்த்தலும் பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ பக்கத்து இ-சேவை மையத்திலோ செய்யலாம். நள்ளிரவில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கார்டு யாரிடம் என்று தேடும் நிலை வேண்டாம்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டு பேர் சம்மதமும் இருந்தால் இணைப்பு 'டி' படிவம். ஒருவர் சம்மதம் தராவிட்டால் விண்ணப்பிக்கும் பெற்றோர் காரணத்தைச் சொல்லி இணைப்பு 'சி' உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். குழந்தையை நாட்டை விட்டு அழைத்துப் போகக் கூடாது என்று உத்தரவு இருந்தால் முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும்.

பணம் வேறு, பார்ப்பது வேறு

"ஃபீஸ் கட்டினாத்தான் பிள்ளையைக் காட்டுவேன்." "பிள்ளையைக் காட்டினாத்தான் பணம்." இரண்டு பக்கமும் இந்த வசனம் கேட்கும். நீதிமன்றம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். பணம் வரவில்லை என்றால் அதை வசூலிக்க மனு இருக்கிறது. சந்திக்க விடவில்லை என்றால் உத்தரவை நிறைவேற்றித் தரக் கேட்டு மனு இருக்கிறது. ஒன்றுக்குப் பழியாக இன்னொன்றை நிறுத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கிலும் நீங்கள்தான் உத்தரவை மீறியவர் ஆவீர்கள்.

ஜீவனாம்சம் கேட்கும் பழைய 125வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவாக இருக்கிறது. இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயம் இங்கே உதவும். ஒன்று, இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். இரண்டு, பராமரிப்புத் தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அம்மாவும் போதுமான அளவு சம்பாதிக்கிறார் என்றால் குழந்தையின் செலவை வருமான விகிதத்தில் இருவரும் பகிரலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

நடைமுறையில், மாதம் ஒரு தொகை என்று மட்டும் எழுதாமல், பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், மருத்துவம் எது அதில் சேரும், எது தனி என்று பிரித்து எழுதுங்கள். வருடா வருடம் எவ்வளவு கூடும் என்பதையும் சேருங்கள். பணத்தை யூபிஐ அல்லது வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் "ஜூன் மாதப் பராமரிப்பு" என்று போடுங்கள். பையனின் ஸ்கூல் பேக்கில் கவர் வைத்து அனுப்பாதீர்கள்.

இது எல்லோருக்கும் பொருந்தாது

அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து கலாட்டா, குழந்தையிடம் தவறாக நடப்பது என்ற நிலை இருக்கும் வீட்டில் "பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்வது பொறுப்பில்லாத அறிவுரை. சொந்தக்காரர்கள் வற்புறுத்தினாலும் தனியாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21வது பிரிவில், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பை மாஜிஸ்திரேட் கொடுக்கலாம். பார்க்க வருவது குழந்தைக்குக் கேடு என்று தெரிந்தால் அதை மறுக்கவும் செய்யலாம். முழுக்க மறுக்கும் அளவுக்கு இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்திலோ வேறொருவர் மேற்பார்வையிலோ சந்திப்பு வைக்கும்படி கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112.

எங்கே போவது?

குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றம். அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை. அங்கே வக்கீல் இல்லாமலேயே நீங்கள் நேரடியாகப் பேசலாம்; வக்கீல் வைக்க வேண்டும் என்றால் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படியும் கேட்கலாம். சமரச மையம் என்றதும் கட்டப்பஞ்சாயத்து என்று பயப்பட வேண்டாம். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதலில் 2005ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் வந்தது. அங்கே பேசியது வெளியே போகாது, பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் உள்ள ஆண்கள் ஆகியோரும் கேட்கலாம். 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். வழக்கு போடுவதற்கு முன்பே சமரசம் பேசித் தரும்படியும் அங்கே கேட்கலாம்.

வழக்கு பதிவானதும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் எண் கிடைக்கும். இகோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியில் அதைப் போட்டு உங்கள் வழக்கைச் சேமித்துவிட்டால் அடுத்த தேதி, அன்றைக்கு என்ன நடந்தது, பதிவேற்றப்பட்ட உத்தரவு எல்லாம் போனிலேயே தெரியும். தேதி கேட்க ஒவ்வொரு முறையும் லீவு போட வேண்டியதில்லை.

சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், திருமணச் சான்று அல்லது பத்திரிகை, உங்கள் வருமான விவரம், பள்ளிக் கட்டண ரசீதுகள் எடுத்துப் போங்கள். அவற்றோடு ஒரு வெள்ளைத் தாளும். அதில் உங்கள் கைப்படவே சனி, ஞாயிறு, பொங்கல், மே மாதம், வீடியோ கால் நேரம், ஃபீஸ் என்று நீங்கள் நினைக்கும் அட்டவணையை எழுதியிருங்கள். பேச்சு அந்தத் தாளிலிருந்து ஆரம்பிக்கட்டும். முடிவானதும் பிள்ளைக்கு ஒரு மாதக் காலண்டர் வாங்கி, அம்மா நாள் ஒரு கலர், அப்பா நாள் ஒரு கலர் என்று வட்டம் போட்டு, இரண்டு வீட்டிலும் ஒன்று மாட்டிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை எங்கே தூங்கப் போகிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஃபீஸ் யார் கட்டினார்கள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.